எங்கள் மலேயா டாக்டர்

போன மாதம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த செவிலியர்களான உங்கள் ஒன்பது பேருக்கு முன்னால் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றுப் பதினோரு வருஷம் ஆகிறது.  எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல் ஒரு கேள்வி கேட்டுவைத்தேன். "டாக்டர் ஒண்ணு சொல்றாரு. உங்களுக்கு அது சரியில்லன்னு தோணுது. என்ன பண்ணுவீங்க?"

ஒன்பது பேரும் தரையைப் பார்த்தீர்கள். கடைசி வரிசையில் ஒருத்தி மட்டும், "அவங்களுக்குத் தெரியாததா மேடம் நமக்குத் தெரிஞ்சிடப் போவுது?" என்றாள். எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டுப் பொன்னாடையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்த பிறகுதான் மனசு கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் ஒரு மனிதரைப் பற்றியது. மேடையில் எனக்குக் கொடுத்த ஐந்து நிமிஷத்தில் அவரை அடக்க முடியாது. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த மருத்துவமனை இப்போது இல்லை. நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டுக்கு வெளியே ஒரு அறக்கட்டளை நடத்திய இருபது படுக்கை ஆஸ்பத்திரி அது. டவுன்ஷிப்பில் பெர்மனன்ட் வேலையில் இருப்பவர்களுக்கு உள்ளேயே பெரிய மருத்துவமனை உண்டு. எங்களிடம் வருகிறவர்கள் கான்ட்ராக்ட் ஆட்கள், முந்திரிக் காட்டு ஜனங்கள், பண்ருட்டி பஸ்ஸில் மயங்கி விழுந்தவர்கள். எப்போதாவது அவசரத்துக்கு ஒரு பெர்மனன்ட் ஆளும் வருவார்.

அங்கே நான் சேர்ந்த மூன்றாவது வருஷம் ஒரு புது டாக்டர் வந்தார். என் வயசுதான் இருக்கும், இருபத்தாறு. சென்னையில் மருத்துவம் படித்து முடித்த மலாய்க்காரர். ஊருக்குத் திரும்புமுன் ஆறு மாதம் கிராமத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கட்டும் என்று அவருடைய பேராசிரியர் அனுப்பிவைத்திருந்தார். ஆறு மாதம் என்று வந்தவர் மூன்று வருஷம் இருந்தார்.

முதல் நாள் வார்டுக்குள் வந்து, கட்டிலில் கிடந்த கிழவரைப் பார்த்து, "பசியாறிட்டீங்களா ஐயா?" என்றார். வார்டே திரும்பிப் பார்த்தது. அவருடைய அப்பா மலேசியாவில் ஒரு ரப்பர் தோட்டத்து மருந்தகத்தில் கட்டுப்போடும் வேலையில் இருந்தவர். தோட்டத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடியே இவர் தமிழ் கற்றிருந்தார். அங்கே காலைச் சாப்பாட்டைப் பசியாறுவது என்றுதான் சொல்வார்களாம். எங்கள் ஜனங்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒரே வாரத்தில் அவர் எல்லாருக்கும் 'மலேயா டாக்டர்' ஆகிவிட்டார். அவரும் சும்மா இல்லை. இரண்டு மாதத்துக்குள் "வந்துகினு", "போய்கினு" எல்லாம் அத்துப்படி. தென்காசியிலிருந்து வந்த எனக்கு இந்த ஊர்ப் பேச்சு மூன்று வருஷமாகியும் வாயில் வரவில்லை.

ஆனால் எல்லாத் தமிழும் அவருக்குத் தெரியாது. நான் சொல்ல வருகிற முதல் விஷயமே அதுதான்.

ஒரு நாள் மத்தியானம் முதல் ஷிப்ட் முடித்த கையோடு ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓட்டுகிறவர். ஐம்பது வயது இருக்கும், நல்ல ஆஜானுபாகு. "ஒண்ணும் இல்லீங்க, நெஞ்ச கரிக்குது. மாத்தர ஒண்ணு குடுங்க, போய்கினே இருக்கேன்" என்றார். நான் ஜெலுசில் புட்டியை எடுத்துவிட்டேன். கரிக்கிறது என்றால் அமிலம். அன்றைக்கு மட்டும் அது ஏழாவது கரிப்பு. கல்யாண முகூர்த்த நாள் வேறு.

மலேயா டாக்டர் என்னைப் பார்த்தார். "கரிக்குதுன்னா என்னா சிஸ்டர்?"

"அசிடிட்டி டாக்டர்."

"இல்ல, அந்த வார்த்தைக்கு என்னா அர்த்தம்?"

கரிக்கிறதுக்கு அர்த்தம் எப்படிச் சொல்வது? உப்புக் கரிக்கும், கண் கரிக்கும், நெஞ்சு கரிக்கும். நான் திணறுவதைப் பார்த்துவிட்டு அவர் நோயாளி பக்கம் திரும்பினார். "ஐயா, எனக்கு இந்த ஊர்த் தமிழ் சரியா வராது. எப்படி இருக்குன்னு கையால காட்டுங்க."

அந்த மனுஷர் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார். நெஞ்செரிச்சல்காரர்கள் விரலால் மேலும் கீழும் கோடு இழுப்பார்கள். இவர் முஷ்டியை இறுக்கி நடு நெஞ்சில் வைத்து அழுத்தினார். அழுத்திவிட்டு, "இங்கேயும்" என்று தாடையைத் தொட்டார்.

என் கையில் ஜெலுசில் புட்டி அப்படியே இருந்தது. டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்தார். அது மாரடைப்பு. நடக்க விடாமல் படுக்கவைத்து, முதல் மருந்தைக் கொடுத்து, ஆம்புலன்ஸில் ஏற்றி டவுன்ஷிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். அவர் பிழைத்து, வேலைக்கும் திரும்பி, பேரன் பேத்தி எடுத்தார். சைக்கிள் மட்டும் எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நாலு மாதம் நின்றது.

எனக்கு அந்த வார்த்தை தெரியும் என்பதால் அவர் சொன்னதை நான் கேட்கவில்லை. அதற்கு முன்னால் வந்த ஆறு பேர் சொன்னதைக் கேட்டேன். டாக்டருக்கு அந்த வார்த்தை தெரியாது, அதனால் அவரைக் கேட்டார். பிள்ளைகளே, நமக்கு நன்றாகத் தெரிந்த வார்த்தையிடம்தான் நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

அடுத்தது, அவருக்குள் ஓர் அரசியல்வாதி ஒளிந்திருக்கிறார் என்பதை நான் கண்டுபிடித்த நாள்.

முத்தாண்டிக்குப்பம் போகிற வழியில் ஓர் ஊர். அங்கிருந்து குழந்தைகள் வயிற்றுப்போக்கோடு வந்துகொண்டே இருந்தார்கள். டிரிப் ஏற்றித் தேற்றி அனுப்புவோம். பத்தாம் நாள் அதே குழந்தை, அதே தாய், அதே கட்டில். ஒரு தாய் என்னிடம், "எங்களுக்கு ஒரு பெட்டு நெரந்தரமா போட்டுக் குடுத்துடுங்கம்மா" என்று சிரிக்காமல் சொன்னாள். அந்த ஊரின் குடிநீர்த் தொட்டியைக் கழுவியே வருஷக்கணக்கில் ஆகிறதென்று தெரிந்தது. டாக்டர் என்னையும் கூட்டிக்கொண்டு ஊராட்சித் தலைவரைப் பார்க்கப் போனார்.

பலாப்பழ சீசன். தலைவர் வீட்டில் ஒரு முழுப் பழத்தை வெட்டி முன்னால் வைத்துவிட்டார்கள். டாக்டர் தொட்டியைப் பற்றிப் பேச வாயைத் திறந்தபோதெல்லாம் தலைவர், "மொதல்ல சாப்புடுங்க டாக்டரு" என்று இன்னொரு சுளையை நீட்டினார். பதினேழு சுளை வரை நான் எண்ணினேன். பதினெட்டாவதில் டாக்டர் கும்பிட்டுவிட்டு, "தலைவரே, தொட்டி" என்றார்.

"கழுவுற ஆளு வேலைய வுட்டு நின்னுட்டாருங்க. வேற ஆளு தேடிகினு இருக்கோம். அவ்ளோ உசரம் எவன் ஏறுவான்?"

"நான் ஏறுறேன்" என்றார் டாக்டர்.

தலைவர் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. எழுந்து, பேண்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு நேரே தொட்டிக்கு நடந்தார். வயிற்றில் பதினேழு சுளை பலாப்பழத்தோடு அந்த இரும்பு ஏணியில் அவர் ஏற, நான் கீழே நின்று படிகளை எண்ணினேன். பாதி ஏறுவதற்குள் ஊரே கூடிவிட்டது. "வெளிநாட்டு டாக்டரு நம்ம டேங்க்க கழுவப் போறாராம்டா!" என்று ஒருத்தர் கூவினார். தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. அவசர அவசரமாக நாலு இளைஞர்களைத் துடைப்பத்தோடும் பிளீச்சிங் பவுடரோடும் மேலே அனுப்பினார்.

டாக்டர் இறங்கி வந்ததும் கூட்டம் கைதட்டியது. அவர் தலைவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "தலைவர்தான் சொன்னாரு, இன்னிக்கே கழுவணும்னு. மாசா மாசம் கழுவப் போறாராம். நான் சும்மா தொணைக்கு வந்தேன்."

கைதட்டல் தலைவர் பக்கம் திரும்பியது. தலைவரின் நெஞ்சு இரண்டு அங்குலம் அகன்றது.

திரும்பும் வழியில் நான் எரிச்சலோடு கேட்டேன். "எதுக்கு டாக்டர் பொய் சொன்னீங்க? அந்த ஆளு உங்கள பலாப்பழத்துலயே முடிக்கப் பாத்தாரு!"

"சிஸ்டர், அவர் பேர்ல மாலை விழுந்தா அவரே மாசா மாசம் கழுவுவாரு. என் பேர்ல விழுந்தா அடுத்த மாசம் நானே ஏறணும் லா." அந்த 'லா' அவர் ஊர்ப் பழக்கம். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "என்னால இன்னொரு தடவ முடியாது" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

தொட்டி மாதா மாதம் கழுவப்பட்டது. குழந்தைகள் வருவது நின்றது. அந்தப் பொய்யை எந்தக் கணக்கில் வைப்பதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

இனி சொல்லப்போவதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் பெருமையடிப்பதாகிவிடும்.

ஐப்பசி மாதம், காலை ஏழு மணி. குள்ளஞ்சாவடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். முப்பது வயது, சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. விடியற்காலையிலிருந்து வயிற்றுவலி. முந்தின நாள் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டாராம். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், மென்மையாக இருந்தது. வலிக்கு ஊசி எழுதினார், நான் போட்டேன். ஊசி போடும்போது கவனித்தேன்: அவருடைய கண்ணிமைகள் பாதி இறங்கியிருந்தன. தூக்கக் கலக்கம் போலிருக்கிறது, ஷிப்ட் வேலைக்காரர்தானே என்று நினைத்துக்கொண்டேன். ஏதோ இடறியது. ஆனால் டாக்டரே பார்த்துவிட்டாரே என்று விட்டுவிட்டேன், நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். உங்களில் கடைசி வரிசைப் பெண் சொன்னாளே, 'அவங்களுக்குத் தெரியாததா' என்று. அதே வார்த்தை.

பதினொரு மணிக்கு அவரை ஒரு மினி லாரியில் திரும்பக் கொண்டுவந்தார்கள். மூச்சு இல்லை. அவர் படுத்திருந்த பாயைச் சுருட்டியபோது சுவரோரம் கட்டுவிரியன் கிடந்ததாம். அது கடித்தால் பல வேளை தடம் தெரியாது, வீங்காது. வயிறு வலிக்கும், இமை இறங்கும், பிறகு மூச்சு நிற்கும். பாடத்தில் படித்ததுதான். இரண்டு பேருமே படித்திருந்தோம்.

அறக்கட்டளைச் செயலாளர் மத்தியானம் வந்தார். கெட்டவர் இல்லை, பயந்தவர். "வரும்போதே உயிர் இல்லன்னு எழுதிடுங்க. அது உண்மைதானே? காலைல வந்த சீட்டு மட்டும் வேணாம், எடுத்துடுங்க" என்றார்.

டாக்டர் காலைச் சீட்டையும் பதினொரு மணிச் சீட்டையும் சேர்த்து ஒரே ஃபைலில் குத்தி, இரண்டிலும் கையெழுத்துப் போட்டுச் செயலாளர் கையிலேயே கொடுத்தார். மூன்றாம் நாள் என்னிடம், "நான் அந்த வூட்டுக்குப் போறேன். நீங்க வரணும்னு இல்ல" என்றார்.

போனேன். போகவேண்டும் என்ற தைரியத்தில் இல்லை. அவரைத் தனியாக அனுப்புகிற தைரியம் இல்லாமல்தான்.

வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, சுற்றி வளைக்காமல் சொன்னார். "பாம்புக்கடின்னு நான் கண்டுபிடிச்சிருக்கணும். கண்டுபிடிக்கல. தப்பு என்னுது. அத ஒங்க கிட்ட வந்து சொல்லணும்னு வந்தேன்."

இறந்தவரின் அண்ணன் பாய்ந்து வந்து அவர் சட்டைக் காலரைப் பிடித்தார். பித்தான்கள் தெறித்தன. டாக்டர் கையைத் தூக்கவே இல்லை. யாரோ பிரித்துவிட்டார்கள். அப்போது உள்ளேயிருந்து அந்த மனைவி வந்தாள். அழுது அழுது குரல் போயிருந்தது. அவள் டாக்டரைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டாள்.

"ஊசி போட்டது நீங்கதான? அவரு கண்ணு சொக்கினு இருந்துதே. பாத்தீங்களா, இல்லியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியாது. டாக்டருக்குக்கூடத் தெரியாது.

"பாத்தேம்மா" என்றேன். "பாத்துட்டு சொல்லாம விட்டுட்டேன்."

டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்கு வராது.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, "இந்த ஊர்ல எந்த வூட்லயும் கட்டில் கெடயாது. எல்லாரும் தரையிலதான் படுக்கறோம். மத்தவங்களுக்காவது வந்து சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

திரும்பும் பஸ் வடலூரில் நின்றது. இறங்கும்போது அவர் சொன்னார்: "சிஸ்டர், இனிமே தோணுச்சின்னா சொல்லிடுங்க. நான் கோவப்பட்டாலும் சொல்லுங்க. கோவப்பட்டா ரெண்டு தடவ சொல்லுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஊர்க் கோயில் திடலில் ஒரு மைக்கைப் பிடித்து அவர் பேசினார். பாம்பு எப்படி வரும், பாயை எப்படி உதற வேண்டும், வயிற்றுவலியோடு கண் சொக்கினால் எங்கே ஓடிவர வேண்டும். ஒரு மணி நேரம். அந்த மனைவி முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். அவர் வாழ்க்கையில் பேசிய முதல் மேடைப் பேச்சு அது. பின்னாளில் எத்தனையோ மேடை ஏறினார். எதற்கும் அன்றைக்கு நடுங்கிய மாதிரி நடுங்கியதில்லை என்று எனக்கு எழுதியிருக்கிறார். அடுத்த மழைக்காலத்தில் அதே ஊரிலிருந்து ஒரு கல்லூரிப் பெண்ணை, "வவுத்து வலிங்க, கண்ணு சொக்குது, பாயிலதான் படுத்திருந்தா" என்று சொல்லிக்கொண்டே தூக்கி வந்தார்கள். விஷமுறிவு மருந்தை ஏற்றிக்கொண்டே, கடலூர் வரை நானும் டாக்டரும் ஜீப்பில் மாறி மாறி மூச்சு கொடுக்கும் காற்றுப் பையை அமுக்கினோம். கை வலியில் மூன்று நாள் என்னால் சாதம் பிசைய முடியவில்லை. அவள் பிழைத்தாள்.

பிறகு அவர் ஊருக்குப் போனார். சிறு நகரம் ஒன்றில் கிளினிக் வைத்தார். எனக்குக் கடிதம் எழுதுவார். தமிழைத்தான் எழுதுவார், ஆனால் ஆங்கில எழுத்தில். உரக்க வாசித்தால்தான் புரியும். என் வீட்டுக்காரர், "சமையக்கட்டுல என்னா பாராயணம்?" என்பார்.

ஒரு கடிதம் தேர்தலில் நின்ற கதை. 'சிஸ்டர், தோத்துட்டேன். என் கிளினிக்குக்கு வர்ற எல்லாருமே எனக்கு எதிரா ஓட்டுப் போட்டுட்டாங்க. ஜெயிச்சா கிளினிக்க மூடிடுவேனாம். இவ்ளோ அன்பா தோக்கடிச்சா யார் மேல கோவப்படறது?' அடுத்த தேர்தலில் வேறொரு இளம் டாக்டரைக் கிளினிக்கில் உட்காரவைத்துவிட்டு நின்றார், ஜெயித்தார். சட்டமன்றத்தில் பல வருஷம் இருந்தார். மாநிலத்தின் சுகாதாரப் பொறுப்பைப் பார்த்தார். எந்த ஊரில் எந்தத் தொட்டி எப்போது கழுவினார்கள் என்று கேட்டே அதிகாரிகளின் உயிரை எடுத்தாராம்.

அப்புறம் நெடுங்காலம் கடிதம் இல்லை. திடீரென்று ஒரு நாள் என் பெண் போன் செய்தாள். அவள் மலேசியாவில் கணினி வேலையில் இருக்கிறாள். "அம்மா, உங்க மலேயா டாக்டர கவர்னர் ஆக்கிட்டாங்க!" அந்த நாட்டில் சுல்தான் இல்லாத மாநிலங்களுக்கு ஆளுநர் உண்டு. மாநிலத்தின் தலைமை இருக்கை. கொடி கட்டிய கார். நான் வீட்டில் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன்.

அவர் ஆளுநரான சில வருஷம் கழித்து, பேரன் பிறந்திருந்தபோது பெண் வீட்டுக்குப் போனேன். எனக்குச் சொல்லாமல் பெண்ணே ஆளுநர் மாளிகைக்கு எழுதிப்போட்டுவிட்டாள். இருபது நிமிஷம் ஒதுக்கியிருப்பதாகப் பதில் வந்தது.

சீருடை போட்ட ஓர் அதிகாரி வாசலில் எனக்குப் பாடம் எடுத்தார். அவர் உட்காரும்வரை உட்காரக் கூடாது. அவர் கை நீட்டினால் ஒழிய நீட்டக் கூடாது. 'துவான் யாங் தெருத்தாமா', அதாவது 'மேதகு ஐயா' என்றுதான் விளிக்க வேண்டும். அதை வழி நெடுக மனப்பாடம் செய்துகொண்டு போனேன். கதவு திறந்தது, அவர் வந்தார். தலை முழுக்க வெள்ளை. நான் வாயைத் திறப்பதற்குள், "வாங்க சிஸ்டர், எப்ப வந்தீங்க? நின்னுகினே இருக்கீங்களே!" என்றார். அதிகாரியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆளுநர் வாயிலிருந்து அப்படியொரு பாஷை வந்து அவர் கேட்டதே இல்லை.

பலகாரம் வந்தது. பழைய கதை பேசினோம், சிரித்தோம். பத்து நிமிஷம் போயிருக்கும். எனக்குள் ஏதோ இடறியது.

ஒரு வாக்கியத்தை அவர் ஒரே மூச்சில் முடிக்கவில்லை. நடுவில் நின்று காற்று வாங்கினார். கால் வீங்கிக் காலுறையின் விளிம்பு கணுக்காலில் பள்ளமாகப் பதிந்திருந்தது. ஷூ முடிச்சு தளர்த்திக் கட்டியிருந்தது. சுற்றிப் பார்த்தேன். அதிகாரி, உதவியாளர், பணிப்பெண் என்று அத்தனை பேர். எல்லாரும் ஒவ்வொரு நாளும் அவரைப் பார்க்கிறவர்கள். சீனிக் கரண்டியை எந்தப் பக்கம் வைப்பதென்றுகூடத் தெரியாத ஓய்வுபெற்ற நர்ஸ் நான். எனக்கு என்ன வந்தது? மீதி பத்து நிமிஷம் சிரித்துப் பேசிவிட்டு, படம் எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

கோப்பையைக் கீழே வைத்தேன். "டாக்டர், மூச்சு முட்டாம இருக்க ராத்திரி எத்தன தலகாணி வச்சிப் படுக்குறீங்க?"

அவர் சிரிப்பு நின்றது. "மூணு."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"நான்தான் டாக்டராச்சே."

"அதனாலதான் கேக்குறேன்."

அவர் முகம் இறுகியது. அந்தக் கோபம் எனக்குத் தெரியும். "சிஸ்டர், திங்கக்கெழம சட்டமன்றம் கூடுது. ஒரு மணி நேரம் நின்னு உரை படிக்கணும். எனக்கு ஒடம்பு சரியில்லன்னு வெளிய தெரிஞ்சா, அடுத்தது யாருன்னு நாலு பேரு கெளம்பிடுவாங்க. திங்கக்கெழம முடியட்டும், பாத்துக்கலாம்."

"நீங்க படிக்கும்போதே விழுந்தாலும் அந்த நாலு பேரு கெளம்பத்தான் போறாங்க. நீங்கதான் இருக்க மாட்டீங்க. இன்னிக்கே போங்க."

"சிஸ்டர்!"

"இன்னிக்கே போங்க டாக்டர்."

அறையில் இருந்த யாருக்கும் தமிழ் தெரியாது. ஆனால் ஆளுநரிடம் அந்தத் தொனியில் யாரும் பேசுவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அதிகாரி ஓர் அடி முன்னால் வந்தார். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. 

மலேயா டாக்டர் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். பிறகு நீளமாக மூச்சு இழுக்க முயன்றார், முடியவில்லை. அதிகாரியைக் கூப்பிட்டு மலாயில் இரண்டு வாக்கியம் சொன்னார். அதிகாரி வெளுத்துப்போய் வெளியே ஓடினார்.

"கார் எடுக்கச் சொல்லிட்டேன்" என்றார் என்னிடம். "திருப்தியா?"

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்குது. பலகாரம் நல்லா இருக்குது" என்றேன்.

இதயத்தில் ஒரு வால்வு ஏறக்குறைய மூடிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை வரை தாங்கியிருக்கலாம், தாங்காமலும் போயிருக்கலாம் என்று அறுவை செய்த டாக்டர் சொன்னாராம். உரையை வேறொருவர் படித்தார். அடுத்தது யார் என்று சிலர் கிளம்பவும் செய்தார்கள். ஆனால் இவர் இரண்டே மாதத்தில் திரும்பிவந்து, பதவிக் காலத்தை முழுசாக முடித்தார்.

அறுவை முடிந்த எட்டாம் நாள் என்னைப் பார்க்க வேண்டும் என்று அந்த அதிகாரியையே காரோடு அனுப்பியிருந்தார். ஆஸ்பத்திரி மேல்மாடிக்குப் போனோம். வார்டுக் கதவில் ஒரு நர்ஸ். உங்கள் வயசுதான் இருக்கும். தலையில் வெள்ளை முக்காடு, கையில் சார்ட். எங்களைத் தடுத்து, சுவரில் இருந்த அறிவிப்பைக் காட்டினாள். பார்வையாளர் நேரம் நாலு மணிக்குத்தான். அப்போது மணி இரண்டே முக்கால்.

அதிகாரி ஏதோ சொன்னார். அவள் தலையாட்டவில்லை. அவர் குரலை உயர்த்தினார். அவள் உயர்த்தவில்லை, நகரவும் இல்லை. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து மலேயா டாக்டரே மலாயில் என்னவோ சொன்னார். அவள் திரும்பி அவருக்கும் பணிவாக ஒரு பதில் சொன்னாள். உள்ளே அவர் சிரித்து, நெஞ்சுத் தையல் வலித்து, "ஆ" என்பது கேட்டது.

அதிகாரியிடம் என்னவென்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் சங்கடத்தோடு சொன்னார்: "'இந்த அம்மா என்னுடைய பழைய நர்ஸ், உள்ளே விடும்மா' என்றார் ஆளுநர். 'பழைய நர்ஸ் என்றால், நோயாளி தூங்க வேண்டிய நேரம் எது என்று அவர்களுக்கே தெரிந்திருக்குமே, ஐயா' என்கிறாள் இவள்."

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன்.  சார்ட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஆனால் கதவை விட்டு நகரவில்லை.

அவளைக் கும்பிட்டுவிட்டு, வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். நாலு மணி வரை.